பாடும் புகைவண்டிக்காரர்

அமெரிக்கர் ‘கன்ட்ரி மியூசிக்’ என வழங்கும் கிராமியச் சங்கீதத்தில் ஈடுபாடுடைய அன்பர்கள் நம் வாசகரிடையேயும் இருக்கக்கூடும். அச்சங்கீதத்தின் தந்தையெனப் போற்றப்படும் ஜிம்மி றொஜர்ஸ் என்பாரின் சரித்திரத்தை இவ்வாரம் எடுத்துக்கொண்டோம். சுவாசப்பை பழுதுற்ற ஒருவர், மூச்சையே முதலாகக் கொண்ட தொழிலில் இறங்கிய கதை இது.

1897 ஆம் ஆண்டிற் பிறந்த றொஜர்ஸ், மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன் நகரைத் தமது ஊராகக் கொண்டவர். சிறுவயதிலேயே தாயை இழந்தார். தந்தையார் புகையிரதப் பாதை வேலையாட்களின் மேற்பார்வையாளர். தண்டவாளத்தில் உழைத்த கறுப்பினத் தொழிலாளருக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்த பையன், அவர்களுடைய பாட்டுக்களையும் கேட்டுப் பழகினான். பின்னாளில் உலகம் வியந்த பாணிக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

வளர்ந்தபின் புகைவண்டியிற் பிறேக் பிடிக்கும் தொழிலாளியானார். 1924 இல் அவருக்குச் சயரோகம் கண்டிருப்பதாக வைத்தியர்கள் கூறினர். அந்நோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1943 இலேதான். வண்டிவேலை கைநழுவிற்று, மனைவியும் மகளும் இருந்தனர். கிட்டாரைத் தவிர வேறு கதியில்லை.

1927 ஆகஸ்ட் மாதம், விக்டர் இசைத்தட்டுக் கம்பனிக்காக றல்ஃப் பீயர் என்பவர் டெனசி மாநில எல்லையிலுள்ள பிறிஸ்டல் நகரில் முகாமிட்டுக் கிராமத்துப் பாடகர்களைத் தேடினார். றொஜர்ஸ் தம் கோஷ்டியுடன் அங்கு சென்றார். தட்டிலே யாருடைய பெயரைப் பொறிப்பது என்ற பிணக்கினால் கோஷ்டி பிரிந்தது! மறுநாள் தனியாகவே நின்று இரண்டு பாட்டுக்கள் பாடினார். அவ்வருட இறுதியில் வேறிடத்திற் பதிவான ‘புளூ யோடல்’ அவரை நாடறியச் செய்தது. அடித்தொண்டையில் நிற்கும் குரலைச் சட்டென உச்சத்துக்குத் தாவவிட்டு மீண்டும் இறக்கும் வித்தையே யோடல். சுவிற்சர்லாந்து மலைவாசிகளுக்கு உரியதெனக் கருதப்பட்ட அதனைக் கறுப்பினத்தவரின் சோகப் பாட்டோடு அவர் இணைத்தார். 1930 இல் ஹொலிவூட்டிற் பதிவான ஒரு பாட்டுக்கு ட்ரம்பெற் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ரோங். ஆயினும் தட்டில் அந்த மேதையின் பெயர் அச்சிடப்படவில்லை. நிறபேதம் கோலோச்சிய நாட்கள் அவை.

பணம் வந்தது; வந்த வேகத்திலேயே சென்றது. உலர்ந்த காற்றை நாடி டெக்சாஸிற் கட்டிய பெரிய வீட்டையும் கைவிட நேர்ந்தது. சயரோகமென்ற பெயரை வாய்விட்டுச் சொல்லவே மக்கள் கூசிய அக்காலத்தில், 1931 இல் அவர் தம்மை அரிக்கும் நோயையே பொருளாக்கிப் பாடித் தட்டில் ஏற்றினார். அதனை நாம் சாதாரணத் துணிவென எண்ணவில்லை.

1933 மே மாதம், குடும்பத்துக்கு ஏதேனும் பொருள் தேடிவைக்க நியூயோர்க் சென்றார். உடன் ஒரு தாதி. ஒலிப்பதிவுக் கூடத்திலே ஒரு கட்டில் போடப்பட்டது. ஒரு பாட்டுப் பாடுவார், படுத்து இளைப்பாறுவார், எழுந்து மறு பாட்டைத் தொடங்குவார். இப்படிப் பன்னிரண்டு பாட்டுக்கள் பதிவாயின. கடைசிப் பாட்டு மே 24 இல் முடிந்தது. இரண்டு நாட்களின்பின், தங்கியிருந்த ஹொட்டேலிலேயே உயிர் பிரிந்தது. வயது 35. முதற்றட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் இடையில் ஆறு வருடங்கள்கூட நிறையவில்லை.

அவரது உடல் மெரிடியனுக்குப் புகைவண்டியிலேயே கொண்டுசெல்லப்பட்டது.