மறுபடியும் முதல்லேர்ந்தா?

'அகெய்ன்ஸ்ட் தி ஸ்டார்ம்' வாங்கலாமான்னு பர்ஸைத் தடவுறீங்களா பாஸ்? போலந்தின் எரமைட் கேம்ஸ் உருவாக்கி, 2023 டிசம்பரில் முழுசா வெளிவந்த ஆட்டம் இது. ஓயாத மழைக் காட்டுல ஊர் கட்டணும். எந்தக் கட்டடத்துக்கு வரைபடம் கிடைக்கும்கிறது ஒவ்வொரு தடவையும் லக்! ராணியோட பொறுமை தீர்றதுக்குள்ள பேர் வாங்கிட்டா ஜெயிச்சாச்சு. உடனே அடுத்த ஊர். நடுநடுவே பெரும்புயல் வந்து எல்லா ஊரையும் துடைச்சிடும். தலைநகர்ல சேர்த்து வெச்ச மேம்பாடுகள்தான் மிச்சம்.

'சிம் சிட்டி' மாதிரி ஒரே நகரத்தை மாசக்கணக்கா வளர்த்து அழகு பார்க்கிற ஆளா? வேணாம், மனசு உடைஞ்சிடும். புதுசா ஆரம்பிக்கிறதுதான் கிக்குன்னா வாங்குங்க.

சந்தேகமா? ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். செமஸ்டர் நேரத்துல மட்டும் தொடாதீங்க. அரியருக்கு அந்த வசதி கிடையாது!