பனிக்காலமும் முதியோர் உள்ளமும்

பின்பனிக் காலத்தையும் பாலைத் திணைக்கு உரியதாக்கிற்றுத் தொல்காப்பியம். பாலையின் உரிப்பொருள் பிரிவு. அன்று பொருள்வயிற் பிரிந்தவன் தலைவன். இன்று அவ்வாறு பிரிவோர் பிள்ளைகள். காத்திருப்போர் முதிய பெற்றோர்.

காடாம்புலியூர்ப் பகுதியில் மார்கழி பிறந்தால் முதியோர் உள்ளம் கலங்குதற்குத் தனியானதொரு காரணமும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று காலையில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரொடு சாய்த்தது. இளமையில் நட்டு, பேரப்பிள்ளைகளுக்கென வளர்த்த மரங்கள் ஒரே பொழுதில் வீழ்ந்தன. நிவாரணம் வந்தது, புதுக்கன்றுகளும் நடப்பட்டன. ஆயினும் பலாக்கன்று காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். எழுபது வயதில் தோப்பினை இழந்தவர்க்கு அவ்வாண்டுகள் எத்துணை நீண்டவை! 2015ஆம் ஆண்டின் வெள்ளம் அக்காயத்தை மீண்டும் கிளறிற்று.

கம்பளி வாங்கித் தருவதோடும், அயல்நாட்டிலிருந்து பணம் அனுப்புவதோடும் கடமை முடிந்ததெனக் கருதுவோர் பலர். உடற்குளிரைக் கம்பளி போக்கும். உள்ளத்தின் தனிமையைப் போக்குவது, 'நாம் இன்னும் வேண்டப்படுகிறோம்' என்னும் உணர்வே என்பது நம் கருத்து.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், தீர்ப்பாயத்தின் வாயிலாகப் பராமரிப்புத் தொகை பெற வழிசெய்கிறது. 14567 என்னும் உதவி எண்ணும் உள்ளது. இவை வேண்டுவனவே. எனினும் சட்டம் சோற்றுக்கு வழிசெய்யும். உடனிருந்து உண்ண ஆள் தராது. முதுமையுற்ற பெற்றோரிடம் சலிப்பு தோன்ற ஒரு சொல்லும் கூறலாகாது எனத் திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் விலக்கியிருப்பது, சட்டம் எட்டாத அவ்விடத்தைக் கருதியே எனலாம்.

மாணவர்கள் இவ்விடுமுறையில் ஒன்று செய்யலாம். மஃரிபு தொழுகைக்குப் பின், வீட்டிலோ அண்டையிலோ உள்ள முதியவர் ஒருவருடன் ஒரு மணி நேரம் அமருங்கள். பலாவின் வகைப்பெயர்கள், முந்திரித் தொழிலின் சொற்கள், புயலுக்கு முந்திய தோப்பின் வரலாறு ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். அகராதி ஏறாத சொற்கள் பல அவர்களிடம் இருத்தல் கூடும். இஃது அவர்கள்பால் காட்டும் இரக்கமன்று. அவர்களிடம் நாம் பெறும் கல்வி. கேட்கும்பொழுது உறக்கமின்மையோ உணவில் வெறுப்போ நாள்கணக்கில் நீடிப்பதை அறிந்தால், 'வயதானால் அப்படித்தான்' என்று விட்டுவிடாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சாய்ந்த மரங்களை நம்மால் நிமிர்த்த இயலாது. அவற்றை நட்டவர்களின் அருகில் அமர இயலும். இப்பனிக்காலத்திலேயே அதனைத் தொடங்குவோமாக.