இந்தச் சிலுவையைச் செய்தது யார்?

“சிலுவையைப் பொறுமையாகச் சுமந்துகொள்ளுங்கள்” என்று எங்கள் தெருவுக்கு இனி யாரும் பிரசங்கம் வைக்க வேண்டாம். பாட்டன் காலத்திலிருந்து சுமக்கிறோம். அதைச் செய்து எங்கள் தோளில் ஏற்றியது மனிதர்கள். கர்த்தர்மேல் பழி போடாதீர்கள்.

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதி ஆக மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். சேர்க்க வேண்டியவர்கள்தான். தலித் கிறிஸ்தவர்களான நாங்கள் மட்டும் இன்னும் வெளியே நிற்கிறோம். எங்களை அடிக்கிறவன் மதம் கேட்டா அடிக்கிறான்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மட்டும் கேட்கிறது!

சென்னையில் காந்தி இர்வின் பாலச் சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. தெருவோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஆதாரமா? ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் அதே நடைபாதையில் அதே ஊசியோடுதானே அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார்!

மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையமே பரிந்துரைத்தது. நீக்கினார்களா? 2022இல் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

என் மகளின் சாதிச் சான்றிதழுக்காக அலுவலகத்தில் போய் நின்றபோது, அங்கிருந்தவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார்: “இந்துன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா. வீட்டுக்குள்ள யாரைக் கும்பிட்டா யாருக்குத் தெரியப்போவுது?” அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் எங்களில் உண்டு. பிள்ளையின் படிப்புக்காக எழுதினவர்களைப் பழிக்க எனக்கு நாக்கு வராது. ஆனால் என் கை எழுதவில்லை.

என் அம்மாச்சியைக் கோயிலில் கடைசியில், தரையில் உட்கார வைத்தார்கள். தேர் எங்கள் தெருமுனையோடு திரும்பிவிடும். அவள் செபமாலையை விட்டதில்லை. “சாமி என்ன அவுங்க வூட்டுச் சொத்தா?” என்பாள். அவளைத் தள்ளி வைத்தவர்களும் அதே நற்கருணைதான் வாங்கினார்கள். அதற்காக அவள் நற்கருணையை வெறுக்கவில்லை. எனக்கு வந்த விசுவாசம் அவளிடமிருந்து வந்தது. ஒரு சான்றிதழுக்காக அதை எப்படிக் கொடுப்பேன்?

அரசு சொல்கிறது, கிறிஸ்தவத்தில் சாதி இல்லையாம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் எங்களைப் பிரித்து எழுப்பிய சுவர் எதற்காம்? செத்த பிறகும் அந்தப் பக்கம், இந்தப் பக்கம்! பங்குச்சாமிமாரே, ஆயர்களே, அரசு எங்களுக்குச் செய்யும் அநியாயத்தைக் கண்டித்து ஆகஸ்ட் 10இல் கறுப்புக்கொடி பிடிக்கிறீர்கள். எங்களோடு வந்து நிற்பதற்கு நன்றி. அதே கையால் உங்கள் கல்லறைச் சுவர்களையும் இடியுங்கள். தேரை எங்கள் தெருவுக்குள் கொண்டுவாருங்கள்.

பூசைக்கு வருவோம், முன்வரிசையில் உட்காருவோம். சான்றிதழில் கிறிஸ்தவர் என்றே எழுதுவோம், பட்டியல் சாதி உரிமையையும் கேட்போம். இரண்டில் ஒன்றை விடச் சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை.