கடலில் இறங்குமுன் காற்றைக் கேளுங்கள்!

ராமேசுவரம் ஒரு தீவு. நான்கு பக்கமும் கடல். வெள்ளை மணல். வரிசை வரிசையாகப் படகுகள். பார்க்கப் பார்க்க அழகு!

முன்பெல்லாம் இந்தத் தீவுக்கு வந்தவர்கள் சாமி கும்பிடவே வந்தார்கள். அக்கினி தீர்த்தத்தில் முழுகினார்கள். கோவிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நீராடினார்கள். ஊர் திரும்பினார்கள்.

இப்பொழுது இன்னொரு கூட்டமும் வருகிறது. அது இளைஞர் கூட்டம். கடலில் விளையாடுவதற்கென்றே அவர்கள் வருகிறார்கள்.

அது என்ன விளையாட்டு?

ஒரு நீளமான பலகை. அதில் படுத்துக் கையால் துழாவிக் கடலுக்குள் போகவேண்டும். பின்னால் அலை எழும்பி வரும்போது, சட்டென்று பலகை மேல் எழுந்து நிற்கவேண்டும். அலை ஆளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வரும். இது அலைச்சறுக்கு.

இன்னொரு வகை உண்டு. காலில் பலகை. கையில் பெரிய காற்றாடியின் கயிறு. காற்று இழுக்க இழுக்கப் பலகை தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். இது காற்றாடிச் சறுக்கு. ராமேசுவரம் பக்கத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

ஏன் அப்படி? இந்தக் கரையில் பெரிய அலைகள் குறைவு. எதிரே இலங்கை மறித்து நிற்கிறது. பாக் நீரிணைப் பக்கம் ஆழமும் குறைவு. அலை வேண்டும் என்பவர்கள் சென்னைக்குத் தெற்கே கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் போகிறார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவில் ஊருக்குப் பக்கத்தில் உள்ள அறுகம் குடாவுக்கும் போகிறார்கள். ராமேசுவரத்துக்கு வருகிறவர்கள் காற்றைத் தேடி வருகிறார்கள்.

ஆகவே, இங்கே வரத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஓட்டல் வாடகை அல்ல. காற்று!

ஆண் கடல், பெண் கடல்

இந்தத் தீவுக்கு இரண்டு கடல்கள். தெற்கே மன்னார் வளைகுடா. அதை ஆண் கடல் என்பார்கள். வடக்கே பாக் நீரிணை. அதைப் பெண் கடல் என்பார்கள். ஒன்று முரட்டுக் கடல். மற்றது சாந்தமான கடல்.

ஆனால் வருஷம் முழுவதும் அப்படி இருப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும். அப்போது ஆண் கடல் பொங்கும். பெண் கடல் அடங்கியிருக்கும். ஐப்பசி பிறந்து வாடைக் காற்று வந்துவிட்டால் கதை மாறிவிடும். சாந்தமான பெண் கடல் சீறும்! இது மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த பாடம்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அலையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அலை இல்லாவிட்டால், "கடல் குளம் போல இருக்கிறது" என்று இறங்கிவிடுகிறார்கள். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போதுதான், கரை ஓரத்துத் தண்ணீர் குளம் போலத் தெரியும்! அந்தக் காற்று பலகையையும் ரப்பர் மிதவையையும் உள்ளே உள்ளே தள்ளிக்கொண்டு போகும். திரும்பிப் பார்த்தால் கரை தூரத்தில் இருக்கும். எவ்வளவு துழாவினாலும் கை சோர்ந்துவிடும்.

இரண்டு கடலும் கூடுகிற அரிச்சல்முனை இன்னும் பொல்லாதது. அங்கே நீரோட்டம் காலை வாரும். அது பார்த்து மகிழ வேண்டிய இடம். குளிக்கும் இடம் அல்ல.

மறக்க முடியாத இரவு

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு. புயல் அடித்தது. கடல் ஊருக்குள் புகுந்தது. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பாசஞ்சர் ரெயிலை அலை விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஊரே அழிந்தது. இடிந்த தேவாலயம் இன்றும் மணலில் நிற்கிறது.

அந்த நாளில் வானத்திலிருந்து புயலைப் படம் பிடித்து முன்கூட்டிச் சொல்லும் வசதி நம் நாட்டில் அவ்வளவாக இல்லை. இன்று இருக்கிறது. வானிலை அறிக்கை கைபேசிக்கே வருகிறது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். எச்சரிக்கை வந்துவிட்டால் மீனவர்கள் படகை எடுப்பதில்லை. கடலையே நம்பிப் பிழைப்பவர்கள் அன்றையக் கூலியை இழந்து கரையில் நிற்கும்போது, உல்லாசமாக வந்தவர்கள் இறங்கலாமா?

பலகை காப்பாற்றிய 8 உயிர்கள்

ஹவாய் தீவுகளில் பிறந்தவர் டியூக் கஹனமோகு. 1912-லும் 1920-லும் ஒலிம்பிக் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்றவர். அலைச்சறுக்கை உலகத்துக்குக் காட்டியவரும் அவரே.

1925-ம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவில் கலிபோர்னியாக் கரையில், ஒரு படகு பெரிய அலையில் கவிழ்ந்தது. டியூக் தம் பலகையோடு பாய்ந்தார். போய்ப் போய் வந்தார். அவர் மட்டும் 8 பேரைக் கரை சேர்த்தார்! அதன் பிறகு, கடற்கரைக் காவலர்களும் உயிர் காக்கப் பலகையைக் கையில் எடுத்தார்கள். விளையாட்டுச் சாமான் உயிர் காக்கும் சாமான் ஆயிற்று.

ராமநாதபுரம் கரையிலும் இது நடக்கவேண்டும். இங்கே மீனவ இளைஞர்கள் இருக்கிறார்கள். நீச்சல் அவர்களுக்குக் கூடப் பிறந்தது. காற்றின் குணம் தெரியும். நீரோட்டம் தெரியும். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளம் கொடுத்து, ஆட்கள் கூடும் ஒவ்வொரு கரையிலும் காவலுக்கு நிறுத்தவேண்டும். "இன்று காற்று எந்தப் பக்கம், இறங்கலாமா, கூடாதா" என்று தினமும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கவேண்டும். அதற்கு ஒரு கரும்பலகை போதும்!

இந்த விளையாட்டால் வரும் பணம் ஓட்டல்காரர்களோடு நின்றுவிடக்கூடாது. கரையில் குடியிருப்பவர்களுக்கும் அது போய்ச் சேரவேண்டும்.

பெற்றோர் கவனிக்க

2025-ம் ஆண்டு ஏப்ரலில் புதிய பாம்பன் ரெயில் பாலம் திறக்கப்பட்டது. குடும்பம் குடும்பமாக மக்கள் தீவுக்கு வருகிறார்கள். பிள்ளைகள் கடலைக் கண்டால் ஓடத்தான் செய்வார்கள். அவர்களைத் தனியே விடாதீர்கள். பலகை ஏறுகிறவர்களுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். மிதவைச் சட்டை இல்லாமல் ஏறவேண்டாம். பயிற்சியாளர் கூட இருக்கவேண்டும்.

இறங்கும் முன் கரையில் வலை பின்னும் பெரியவரிடம், "ஐயா, இன்றைக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்கள். அவர் "வேண்டாம்" என்றால், கரையில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். விளையாட நாளை ஒரு நாள் இருக்கிறது.