படகுல ஒரு பாப்பா!

துப்பாக்கி, சேஸிங், வில்லன் இதெல்லாம் இருந்தாத்தான் த்ரில்லா? நடு ஆத்துல, சின்னப் படகுல, கைக்குழந்தைக்குப் பால் பவுடர் தீர்ந்துபோச்சுன்னா... அதைவிடப் பெரிய டென்ஷன் உண்டா, சொல்லுங்க!

பிலிப் புல்மன் 2017-ல எழுதின 'லா பெல் சாவாஜ்' நாவல் முழுக்க இந்த டென்ஷன்தான். ஃபேன்டஸின்னதும் டிராகன், மந்திரவாள்னு கற்பனை பண்ணிடாதீங்க. ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல காட்ஸ்டோ. நிஜமாவே இருக்கிற ஊர், நிஜமான தேம்ஸ் நதி. ஆனா உலகம் மட்டும் வேற. அங்கே மனுஷனோட உயிரே 'டீமன்'கிற பேர்ல ஒரு மிருகமா கூடவே சுத்தும். சின்னப் பசங்களோட டீமன் நிமிஷத்துக்கு ஒரு உருவம் எடுக்கும். வளர்ந்துட்டா ஒரே உருவம்தான்.

ஹீரோ மால்கம், வயசு 11. அப்பா அம்மா நடத்துற சத்திரத்துல தட்டு கழுவுறவன். அவனோட சொத்து ஒரு சின்னத் துடுப்புப் படகு. அதோட பேர்தான் நாவலோட பேர். எதிர்க்கரை மடத்துல கன்னியாஸ்திரீகள்கிட்ட ஒளிஞ்சு வளர்ற ஆறு மாசக் குழந்தை லைரா. மழை கொட்டி, நதி பொங்கி, மடத்துச் சுவரே இடிஞ்சு விழற ராத்திரியில குழந்தையைத் தூக்கிட்டு ஓடுறான் மால்கம். கூட வர்றது ஆலிஸ். சத்திரத்துல வேலை பார்க்கிற பொண்ணு, அவனைவிட நாலைஞ்சு வயசு பெரியவ, அவனைக் கண்டாலே எரிஞ்சு விழறவ!

பின்னாடி துரத்துறவன் பான்வில். பேசினா சொக்க வைப்பான். ஆனா அவனோட டீமன் மூணு கால் கழுதைப்புலி. தன் உயிரையே அடிச்சு மிதிக்கிற ஆளு அவன். அதைப் படிக்கிறப்போ வயித்தைப் பிசையுது பாஸ்.

இருந்தாலும் என்னை உலுக்கினது அவன் இல்ல. வெள்ளத்துக்கு முன்னாடி மால்கமோட ஸ்கூல்ல நடக்கிற ஒரு விஷயம். ஒருநாள் ஒரு பொம்பளை வந்து பசங்களுக்கு பேட்ஜ் கொடுக்குறா. யாராவது மதத்துக்கு விரோதமா பேசினா போட்டுக் கொடுக்கணும். வாத்தியாரா இருந்தாலும் சரி, பெத்தவங்களா இருந்தாலும் சரி! கொஞ்ச நாள்ல ஸ்கூலே தலைகீழா மாறிடுது, டீச்சர்ஸ் பசங்களைப் பார்த்து நடுங்குறாங்க. மால்கம் பேட்ஜ் குத்திக்கலை. வீரவசனமும் பேசலை. சும்மா குத்திக்கலை, அவ்வளவுதான். உங்க கிளாஸ்ல எத்தனை பேர் குத்திக்குவாங்கன்னு யோசிச்சா கொஞ்சம் பக்குனு இருக்கும்.

மறுபடி படகுக்கு வருவோம். ஒதுங்கின இடத்துல எல்லாம் முதல் வேலை நெருப்பு மூட்டி, தண்ணி காய்ச்சி, பால் கரைக்கிறது. அடுத்தது துணி மாத்துறது. மருந்துக்கடையைத் தேடி அலையறதுக்கே ஒரு அத்தியாயம்! ஈரத் துணிக்கும் அழுகைக்கும் நடுவுலதான் மால்கமும் ஆலிஸும் ஒருத்தரை ஒருத்தர் நம்ப ஆரம்பிக்கிறாங்க. 'ஸாரி', 'தேங்க்ஸ்'னு சீன் போடாம அது நடக்குறதுதான் அழகு.

குறையும் சொல்லிடறேன். பாதிக்கு மேல தேவதை, மாயத் தீவுன்னு கதை நதியை விட்டு விலகுற இடங்கள்ல எனக்கு ரெண்டு தடவை கொட்டாவி வந்துச்சு. கன்னியாஸ்திரீகள் பிடிச்சுட்டுப் போன லைராவை ராத்திரியோட ராத்திரியா மீட்கப் போற இடத்துல தூக்கம் போயே போச்சு.

லண்டன் போய்ச் சேர்ந்தாங்களா? ம்ஹூம், சொல்ல மாட்டேன். லைரா வளர்ந்து நிக்கிற 'நார்தர்ன் லைட்ஸ்' 1995-லயே வந்துடுச்சு. இது அதுக்குப் பத்து வருஷம் முந்தின கதை. எதை முதல்ல படிக்கிறதுன்னு கேட்டா என் ஓட்டு பழசுக்குத்தான். லைரா யாருன்னு தெரிஞ்சுட்டு அந்தப் படகுல ஏறினா, அவ ஒவ்வொரு தடவை இருமும்போதும் உங்களுக்குத் துடிக்கும்!