முழங்காலினுள் நடக்கும் திருத்தவேலை

உதைபந்தாட்டத்தில் முழங்கால் திருகிப் பிணைப்புநார் அறுந்து, சத்திரசிகிச்சை செய்துகொண்ட மாணவன் ஒருவனின் தாயார் அண்மையில் எம்மைச் சந்தித்தார். "எட்டு வாரமாயிற்று. வெளிக்காயம் ஆறிவிட்டது. ஆனால் பின்னேரமானால் முழங்கால் வீங்குகிறது. ஒப்பரேஷன் பிழைத்துவிட்டதோ?" என்பது அவர் கவலை. பையனோ நோவில்லை, விளையாடப் போகிறேன் என்று நிற்கிறானாம். எமக்குத் தாயின் அச்சத்திலும் மகனின் துணிவே பெரிதும் கவலையளித்தது.

மூட்டின் நடுவேயுள்ள முன் குறுக்குப் பிணைப்புநார், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி வழுக்காமல் காப்பது. அது முற்றாக அறுந்தால் தானாகப் பொருந்துவது எளிதன்று. ஆதலால், முழங்காற் சிரட்டையின் கீழிருந்தோ தொடையின் பின்புறமிருந்தோ ஒரு நாண் துண்டை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, வைத்தியர் அதனை அவ்விடத்தில் பொருத்துகிறார்.

துளையிட்ட மூட்டில் இரத்தம் கசியும். மூட்டை உள்ளே போர்த்திய மென்சவ்வு அழற்சியுற்று நீரைச் சுரக்கும். வெண்கலங்கள் வந்து சிதைவுகளை அகற்றும். இவ்வழற்சி இன்றேல் ஆறுதலும் இல்லை. ஆயினும் நீர் நெடுநாள் தேங்குதல் நன்றன்று. மூட்டுறை விரிவதை நரம்புகள் உணர்ந்து, முன்தொடைத் தசைக்குச் செல்லும் கட்டளையைக் குறைத்துவிடும். நலமான முழங்காலில் உப்புநீரை ஏற்றிப் பார்த்தபோதும் அத்தசை சோர்ந்ததைக் கண்டிருக்கிறார்கள். எனவே பயிற்சியில் கால் எழும்பவில்லையென்று பிள்ளையைச் சோம்பேறி என ஏசுவது நியாயமாகாது.

சில வேளைகளில் தழும்பிழையம் அளவுமீறி வளர்ந்து காலை நிமிரவிடாது தடுக்கும். நாணின் முன்னே திரளும் அத்தகைய முடிச்சொன்றிற்கு, கிரேக்கக் கதையின் ஒற்றைக்கண் அரக்கனை நினைந்து, 1990இல் "சைக்கிளொப்ஸ்" எனப் பெயரிட்டனர். இங்கு அன்னையர்க்கு ஒரு வார்த்தை: அன்பினால் முழங்காலின் கீழ்த் தலையணை வைக்கிறீர்களே, அது காலை மடங்கிய நிலையிலேயே பழக்கிவிடும். குதிகாலின் கீழ் வையுங்கள்.

இனிப் பையனின் துணிவுக்கு வருவோம். பொருத்திய நாண் தன் இரத்தவோட்டத்தை இழந்தது. அதன் கலங்கள் பெரும்பாலும் மடிகின்றன. மென்சவ்வு அதனைப் போர்த்த, புதிய இரத்தக்குழாய்களும் கலங்களும் உட்புகுந்து, கொலாஜன் இழைகளை மெல்ல மெல்ல மாற்றி அமைக்கின்றன. நாண் இவ்வாறு பிணைப்புநாரின் இயல்பைப் பெறுவதை 1986இல் முயல்களில் விளக்கிக் காட்டினர். இம்மாற்றம் நிகழ்கையில் நாண் வலுக்குன்றியிருக்கும். வீக்கம் வற்றி, நோவு நீங்கி, "எல்லாம் சரி" என்று தோன்றும் முதற் சில மாதங்களே அக்காலம்! நோவுக்கும் நாணின் வலிமைக்கும் தொடர்பில்லை. 2016இல் வெளியான நோர்வே ஆய்வொன்றில், ஒன்பதாம் மாதம் வரை விளையாட்டைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. அதன் பின்னரும் தசைவலிமையை அளந்து பார்த்தே வைத்தியர் அனுமதிப்பார்.

பகலெல்லாம் நடந்தபின் சிறிது வீங்கி, இரவு ஓய்வில் வற்றுமாயின் அன்றைய வேலை மிஞ்சிவிட்டதென்று கொள்ளலாம். வைத்தியரிடம் அடுத்த முறை சொன்னாற் போதும். காய்ச்சல், மூட்டில் சூடும் சிவப்பும், காயத்தில் சீழ், கெண்டைக்காலில் நோவும் வீக்கமும் – இவற்றில் ஒன்று கண்டாலும் எண்ணெய் பூசி உருவிக்கொண்டிராது அன்றே வைத்தியசாலை செல்லவேண்டும்.

இவற்றையெல்லாம் தாயாருக்கு எடுத்துரைத்தோம். பந்து இப்போது அலுமாரியுள் பூட்டப்பட்டிருப்பதாகக் கேள்வி.