கலைஞனுக்கு எதற்குக் கணக்கு?

நுண்கலைக் கல்லூரிகளிலும் விஸ்காம் துறைகளிலும் வாத்தியார்கள் அலுக்காமல் சொல்லும் கதை ஒன்று உண்டு: உலையில் போட வேண்டிய அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த கதை. காசைப் பற்றி யோசிக்கிறவன் கலைஞனே இல்லை என்று அதற்கு ஒரு பொழிப்புரையும் சேர்த்துக்கொள்வார்கள். அதே பாரதி 1920இல் கடையத்திலிருந்து அனுப்பிய சுற்றறிக்கையை எந்த வகுப்பிலும் வாசித்துக் காட்டுவதில்லை. தன் எழுத்துகளை 40 நூல்களாக்குவது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சடிப்பது, அதற்கு நண்பர்களிடம் கடன் திரட்டி வட்டி கொடுப்பது, தீப்பெட்டி மண்ணெண்ணெய் போல ஊரெங்கும் விற்பது என்று அதில் எல்லாமே இருக்கிறது. கடன் கொடுக்க ஆள் வரவில்லை. அடுத்த ஆண்டு அவரும் போய்விட்டார். அப்படிப்பட்டவர் வறுமையை விரும்பி வரித்துக்கொண்டார் என்று கதை கட்டுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

அவர் மறைந்த பிறகு பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை சில நூறு ரூபாய்க்குக் கைமாறியது. பின்னால் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அதைப் பல ஆயிரம் கொடுத்து வாங்கினார். 1949இல் அரசு உரிமைகளைத் தன்வசம் எடுத்துக்கொண்ட பிறகுதான் அந்தக் கொடுக்கல் வாங்கல் முடிவுக்கு வந்தது. கணக்குப் பார்க்கக் கூடாது என்ற விரதமெல்லாம் எழுதுகிறவனுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

இந்த விரதத்தால் யாருக்கு லாபம்? இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்திக்குத் துணிக்கடை ஒன்றிலிருந்து ஆடித் தள்ளுபடி போஸ்டர் வேலை வருகிறது என்று வையுங்கள். “எவ்வளவும்மா எதிர்பார்க்கிறே?” என்கிறார் முதலாளி. “நீங்களே பார்த்துக் குடுங்க சார்” என்கிறாள் இவள். அந்த ஒரு வாக்கியத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அட்வான்ஸ் கிடையாது. கரெக்‌ஷன் மட்டும் ராத்திரி பத்து மணிக்கும் வருகிறது: சிவப்பைக் கொஞ்சம் தூக்கும்மா, எங்க அப்பா படத்தை மேலே வை. கடைசியாக ஓப்பன் ஃபைலை அனுப்பச் சொல்கிறார். அனுப்பினாள். இனி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கடைப் பையனே எழுத்தை மாற்றி ஓட்டிக்கொள்வான். இவளை யாரும் கூப்பிடப் போவதில்லை. முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் வியாபாரி, வியாபாரம் செய்தார். எதிரே உட்கார்ந்தவளுக்குத்தான் விலை பேசுவது கேவலம் என்று பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

கல்லூரிதோறும் தொழில்முனைவோர் மையம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அங்கே நடப்பது ஸ்டார்ட்அப் பஜனை. முதலீட்டாளர் முன் ஐந்து நிமிடம் பேசுவது எப்படி, எத்தனை யூனிட் விற்றால் போட்ட முதல் திரும்பும் என்று பாடம் போகும். அச்சு முறுக்குக் கம்பெனிக்குப் பொருந்துகிற கணக்கை ஆண்டுக்கு நான்கு கேன்வாஸ் முடிக்கிற பையனிடம் நீட்டினால் அவன் கொட்டாவிதான் விடுவான். உடனே ஓவிய வாத்தியார், “பார்த்தீங்களா, நம்ம பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒட்டாது” என்கிறார். பழைய மூடநம்பிக்கைக்குப் புதிய சாட்சி கிடைத்துவிடுகிறது.

அவனுக்கு ஒட்டுகிற பாடம் சட்டப் புத்தகத்தில் கிடக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால்தான் வரைந்தவனுக்கு உரிமை. அதாவது, பேசாமல் இருந்தால் போயிற்று. எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை 5 ஆண்டுக்கு மட்டுமே போகும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. தானே முதல் உரிமையாளராக இருந்த அசல் ஓவியம் பின்னால் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அதில் 10 சதவீதம் வரை ஓவியன் பங்கு கேட்கலாம், அது 53ஏ. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வைத்திருந்தால், வேலையை வாங்கிய நிறுவனம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், தாமதித்தால் வட்டியோடு. இவ்வளவையும் நடத்த நான்கு வகுப்பு போதும். எந்த முதலீட்டாளரும் வர வேண்டியதில்லை.

கலை சந்தைக்கு அடிமையாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் ஒருமுறை ஈஞ்சம்பாக்கம் போய் வரலாம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணி செய்து விற்றார்கள். அதற்கென்று ஒரு சங்கமே வைத்திருந்தார்கள். அந்தக் காசில் அங்கே நிலம் வாங்கி 1966இல் சோழமண்டல் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். வயிற்றுப்பாட்டைத் துணி பார்த்துக்கொண்டதால், கேன்வாஸில் யாருக்கும் பிடிக்காததைக்கூட வரைய முடிந்தது. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை எந்த வீட்டு வரவேற்பறைக்கும் ஏற்றபடி வரைந்தது என்று யாராவது சொல்வார்களா? சந்தைக்கு வளைகிறவன் பெரும்பாலும் அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியாதவன்தான்.

துறைத் தலைவர்கள் சிலர் இப்போது இறங்கி வந்து, சரி, கடைசி செமஸ்டரில் ஒரு பேப்பர் வைக்கலாம் என்கிறார்கள். அதற்குள் பாதிப் பேர் கல்யாண ஆல்பமும் யூடியூப் தம்ப்நெய்லும் செய்து, ஓப்பன் ஃபைலையும் கொடுத்து முடித்திருப்பார்கள். மூன்றாம் செமஸ்டரில் வையுங்கள். நடத்த மேலாண்மைத் துறையிலிருந்து ஆள் வேண்டாம். ஊரில் நாலு வருஷமாக ஃப்ரீலான்ஸ் செய்கிற பழைய மாணவரையும், பதிப்புரிமை வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரையும் கூப்பிடுங்கள். வந்தவர்களுக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்தி அனுப்பாமல், மணிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிப் பணமாகக் கொடுங்கள்.